நிண்டு நிண்டு ஓடுற லொறி: எங்கட கரையோரத்தின் டீசல் வரலாறு

வரலாறு என்றால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் காட்டினது கோட்டை, கோயில், கல்வெட்டு. குச்சவெளியிலும் பாறையில் வெட்டின சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கு. பக்கத்தில் திரியாயிலும் இருக்கு. இரண்டைப் பற்றியும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனா அந்தக் கல்வெட்டுகளைத் தாண்டி ஒவ்வொரு நாளும் ஓடுற லொறியைப் பற்றி யாரும் எழுதவில்லை. திருகோணமலையிலிருந்து உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று போகும் இந்த வீதியில் மீனும் ஐஸும், நெல்லும் சீமெந்தும், புல்மோட்டை இல்மனைற் மணலும் டீசலில்தான் போய் வந்திருக்கு. அந்த எஞ்சின் நடுவழியில் நிண்டால் ஐஸ் கரையும், மீன் பழுதாகும், ஒரு வீட்டின் அந்தக் கிழமைக் கணக்கே குழம்பும்.

ஒரேயடியாக நிண்டு போகும் எஞ்சினைப் பற்றி இங்கே பேசவரவில்லை. அது சுலபம், உடைந்தது கண்ணுக்குத் தெரியும். கராஜ்காரரைக் களைக்க வைப்பது இடைக்கிடை நிக்கிற எஞ்சின். இருபது கிலோமீற்றர் ஒழுங்காக ஓடும், திடீரென்று நிக்கும், பத்து நிமிசம் விட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கராஜுக்குக் கொண்டுபோனால் நாள் முழுக்க நிக்காது! இந்த நோயைக் கண்டுபிடிக்கும் அறிவு எங்கட கரையில் எப்படி வளர்ந்தது, இப்ப அதுக்கு என்ன நடக்குது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பொறி இல்லாத எஞ்சின்

முதலில் இயந்திரத்தை விளங்கிக்கொள்வோம். பெற்றோல் எஞ்சினுக்குப் பொறி வேணும், பொறிக்கு மின்சாரம் வேணும். டீசல் எஞ்சின் அப்படி இல்லை. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது தானாகக் கொதிக்கும். அந்தச் சூட்டுக்குள் டீசலைப் புகார் மாதிரிப் பீச்சினால் பற்றிக்கொள்ளும். ஜெர்மன் பொறியியலாளர் ருடோல்ப் டீசல் இந்த யோசனைக்கு 1893இல் காப்புரிமை பெற்றார். ஓக்ஸ்பேர்க் நகரத் தொழிற்சாலையில் 1897இல் அவருடைய எஞ்சினை முறைப்படி சோதித்தபோது, எரிபொருளின் சக்தியில் 26 வீதத்தைப் பயனுள்ள வேலையாக மாற்றிக் காட்டியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் கனவிலும் காணாத அளவு இது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். எந்த எண்ணெயைக் கொடுத்தாலும் ஓரளவு சமாளிக்கும் இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள். தொண்ணூறு வருசத்துக்குப் பிறகு எங்கட சனத்துக்கு அது தேவைப்பட்டது.

அந்த முதல் எஞ்சின்களை லொறியில் ஏற்ற முடியவில்லை. எரிபொருளைப் பீச்சுவதற்குப் பெரிய காற்று அமுக்கி ஒன்றைக் கூடவே சுமக்கவேண்டி இருந்தது. அந்தத் தடையை நீக்கினது ஒரு சின்ன இரும்புப் பெட்டி. ஸ்ருட்கார்ட்டில் ரொபர்ட் பொஷ்ஷின் நிறுவனம் 1927இல் டீசல் பம்பைத் தொடராக உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்ன உலக்கை. அது துல்லியமாக அளந்த டீசலை, துல்லியமான நேரத்தில், பலத்த அழுத்தத்தில் நொசிலுக்கு அனுப்பும். உலகம் முழுக்க டீசல் லொறி பரவினது அதுக்குப் பிறகுதான்.

ஸ்ருட்கார்ட், பெங்களூர், திருகோணமலை

அந்தப் பெட்டி எங்களிடம் வந்து சேர்ந்த வழியும் ஒரு வரலாறுதான். பொஷ்ஷின் இந்தியக் கிளையான மைக்கோ 1951இல் தொடங்கி, பெங்களூரில் டீசல் பம்பும் நொசிலும் செய்தது. டாட்டா நிறுவனம் 1954இல் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் செய்து ஜம்ஷெட்பூரில் லொறி கட்டியது. 1961இல் டாட்டா தன் முதல் ஏற்றுமதி லொறியை அனுப்பின நாடு இலங்கை. பழைய ஆக்கள் இன்றைக்கும் "டாட்டா பென்ஸ்" என்று சொல்வது சும்மா இல்லை. இன்னொரு பக்கம், 1958 ஜனவரி 1இல் பஸ் சேவைகளை அரசுடைமை ஆக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தார்கள். சபைக்குப் பிரித்தானிய லேலண்டும், பிறகு இந்திய அசோக் லேலண்டும் டாட்டாவும் வந்தன. பின்னாளில் ஜப்பானில் பாவித்துக் கழித்த இசுசு எல்ஃப், மிட்சுபிசி கன்டர் போன்ற சின்ன லொறிகள் கரையோர மீன் வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டன.

வாகனத்தோடு சொற்களும் வந்தன. கைவினைஞரை நாங்கள் "பாஸ்" என்கிறோம். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். நொசில், கவர்னர், வொசர் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்து பாஸ்மாரின் வாயில் தமிழானவை. "எயார் எடுக்கிறது", "காத்து இழுக்குது", "டீசல் கட்டாகுது" என்ற வசனங்களை எந்த அகராதியிலும் காணமாட்டீர்கள். ஆனா இவை ஒவ்வொன்றும் ஒரு நோயின் பெயர் அல்லது ஒரு வைத்தியத்தின் பெயர். புத்தகம் இல்லாத ஒரு பள்ளிக்கூடம் இந்தச் சொற்களில்தான் நடந்தது. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பொடியனாகச் சேர்ந்து, கையைக் கறுப்பாக்கி, காதால் படித்து வெளியே வந்தவர்கள்தான் எங்கட கராஜ்காரர்.

"எப்ப நிக்குது?"

நல்ல பாஸ் ஒருவர் பொனற்றைத் திறக்க முதல் சாரதியிடம் கேள்வி கேட்பார். எப்ப நிக்குது? ஏற்றத்திலா, சமதரையிலா? சுமையோடவா, வெறும் லொறியா? தாங்கி நிறைய இருக்கும்போதா, பாதிக்குக் கீழ போனபிறகா? இழுவை குறைந்து குறைந்து நிக்குதா, சாவியைத் திருப்பின மாதிரிச் சட்டென்று நிக்குதா? நிண்டபிறகு எவ்வளவு நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆகுது?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கு. கம்பியூட்டர் இல்லாத பழைய டீசல் எஞ்சினுக்கு ஓட வேண்டியவை மூன்றுதான்: காற்று, நெருக்கம், டீசல். சிலிண்டர் தேய்ந்து நெருக்கம் குறைந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படும், எந்த நேரமும் இழுவை குறையும். அது பத்து நிமிசத்தில் சுகமாகி, பிறகு திரும்ப வருத்தமாகாது. ஆகவே வந்து வந்து போற நோய் என்றால் சந்தேகம் பெரும்பாலும் டீசல் வரும் பாதையில்தான். அந்தப் பாதை இப்படி: தாங்கி, உறிஞ்சு குழாய், தண்ணி பிரிக்கும் கிண்ணம், பீட் பம்ப், பில்டர், பெரிய பம்ப், நொசில். மிச்ச டீசல் இன்னொரு குழாயால் தாங்கிக்குத் திரும்பும்.

இப்ப பதில்களைப் பொருத்திப் பாருங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி நிண்டு, சும்மா விட்டால் திரும்ப ஓடுது என்றால், தாங்கியின் மூச்சுத் துவாரம் அடைபட்டிருக்கலாம். டீசல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேணும். வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசலைப் பின்னுக்கு இழுக்கும். சோதனைக்குச் செலவே இல்லை. நிண்டவுடன் தாங்கி மூடியைத் திறவுங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் கள்ளன் பிடிபட்டான். மூடியில் சத்தமே இல்லை என்றால், தாங்கிக்குள் கிடக்கும் துணித்துண்டோ பிளாஸ்ரிக் துண்டோ உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டுதா என்று பார்க்கவேணும். எஞ்சின் நிண்டதும் அது விலகி விழும். பிறகு திரும்ப ஒட்டும்.

தாங்கி பாதிக்குக் கீழே போனபிறகுதான் நிக்குது என்றால், உறிஞ்சு குழாயின் நடுவில் ஒரு வெடிப்பு இருக்கலாம். டீசல் மட்டம் அந்த வெடிப்புக்கு மேலே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கீழே இறங்கினால் டீசலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

சுமையோடு ஏறும்போது மெல்ல மெல்ல இழுவை விட்டால் பில்டர் அடைபடுது. தண்ணி பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்து ஒரு போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணி கீழே, டீசல் மேலே. இரண்டுக்கும் நடுவில் கறுப்புச் சளி மாதிரி இருந்தால் அது உயிருள்ள அழுக்கு. தண்ணியும் டீசலும் சந்திக்கிற எல்லையில் நுண்ணுயிர்கள் வளரும். மாரியில் அரைத் தாங்கியோடு நிப்பாட்டி வைத்த லொறியில், இரவில் குளிரும் ஈரக்காற்று தாங்கிச் சுவரில் தண்ணியாகிக் கீழே இறங்கும்.

சாவி திருப்பின மாதிரிச் சட்டென்று நிண்டால், பம்பில் இருக்கும் மின் அடைப்பானின் வயரைப் பாருங்கள். பழைய டாட்டாவில் நிப்பாட்டுவதற்குக் கையால் இழுக்கிற கேபிள்தான். பின்னாளில் வந்த பல சின்ன லொறிகளில் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால்தான் டீசல் வழி திறந்திருக்கும். எங்கட உப்புக் காத்தில் வயர் முனை பச்சை பிடிப்பது சாதாரணம். குழியில் விழுந்து குலுங்கினால் ஒரு கணம் தொடர்பு விடும், எஞ்சின் நிக்கும்.

சூடானபிறகு நிண்டு, ஆறினபிறகு ஓடுது என்றால் அந்த மின் அடைப்பானின் சுருளும் காரணமாகலாம், பம்பே தேய்ந்திருக்கவும் கூடும். டீசல் சூடானால் இளகும், தேய்ந்த உலக்கையின் இடுக்கால் ஒழுகிவிடும். நிண்ட இடத்திலேயே ஈரச் சாக்கைப் பம்பின் மேல் போட்டு ஆறவைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது பழைய சோதனை. கொதிக்கிற பம்பில் வாளித் தண்ணி ஊத்துறது அதுவல்ல. இரும்பு ஒரே நேரத்தில் சுருங்கி உலக்கை இறுகிப் போகலாம்.

கடைசியாக, எல்லாரையும் ஏமாற்றுவது காத்து ஓட்டை. பீட் பம்புக்குப் பிறகு குழாயில் அழுத்தம் இருக்கு, அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் சிந்தும், கண்டுபிடிக்கலாம். பீட் பம்புக்கு முன்னாலோ உறிஞ்சல்தான். அங்கே ஓட்டை விழுந்தால் ஒரு துளியும் சிந்தாது, காத்துத்தான் உள்ளே போகும். நிலத்தில் ஈரம் இல்லை என்பதால் "ஓட்டை இல்லை" என்று முடிவெடுப்பவர்கள் அதிகம். பீட் பம்பின் வாயில் ஒரு துண்டு தெளிவான பிளாஸ்ரிக் ஹோஸைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். தேய்ந்த செப்பு வொசர், வெடித்த ரப்பர் ஹோஸ், இறுகாத கிளிப், இப்படிச் சில நூறு ரூபாய்ச் சாமான்தான் காரணமாக இருக்கும்.

இத்தனைக்கும் மேலே ஒரு பெரிய சோதனை இருக்கு: கான் சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய கானைத் தாங்கியின் மட்டத்திலேயே வைத்து, உறிஞ்சு ஹோஸையும் திரும்பிவரும் ஹோஸையும் அதுக்குள் விட்டு ஓடவிடுவது. திரும்பிவரும் ஹோஸை மறந்தால் கான் காலியாகித் தாங்கிதான் நிறையும். கானை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் டீசல் தன் பாரத்தால் இறங்கும், சின்னக் காத்து ஓட்டை மறைந்துவிடும். நாள் முழுக்கக் கானில் நிக்காமல் ஓடினால் குற்றம் தாங்கிப் பக்கம். கானிலும் நிண்டால் பம்ப் பக்கம். பாதையை இரண்டாக வெட்டி, குற்றம் இல்லாத பாதியை விடுதலை செய்வதுதான் இந்த முறை. மென்பொருள் படிக்கிற எங்கட நண்பர்கள் பிழை தேட இதே முறையைத்தான் பாவிக்கிறார்கள், பெயர் மட்டும் வேறு.

தடைக்காலம்

இந்த அறிவு எங்களிடம் இவ்வளவு ஆழமாக இருப்பதற்கு ஒரு கசப்பான காரணமும் இருக்கு. 1985இலும் 1990இலும் இந்தக் கரையோரக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. வீடுகளோடு கராஜுகளும் சிதறின. 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கின பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைப்பட்டியலில். மண்ணெண்ணெய் மட்டும் அளந்து கிடைத்தது. சனம் அதில் விளக்கெரித்தது, அதிலேயே மோட்டார் சைக்கிளையும் ஓட்டியது. ஸ்டார்ட் ஆக மட்டும் சில துளி பெற்றோல், சூடானபிறகு மண்ணெண்ணெய். டீசல் எஞ்சினுக்கும் மண்ணெண்ணெயில் கொஞ்சம் எண்ணெய் கலந்து விட்டார்கள். பாரிஸில் நிலக்கடலை எண்ணெயில் ஓடின இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள் அப்படித்தான் உயிர் தப்பின.

ஏன் எண்ணெய் கலந்தார்கள்? டீசல் எரிபொருள் மட்டுமில்லை, பம்பின் உள்ளே வழுக்கவைக்கும் எண்ணெயும் அதுதான். மண்ணெண்ணெய்க்கு அந்தக் குணம் குறைவு. வரிசையாக உலக்கை வைத்த பழைய பம்பின் அடிப்பகுதிக்குத் தனியே எண்ணெய் இருக்கும், அதனால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சின்ன லொறிகளில் வரும் சுழல் பம்ப் முழுக்க டீசலையே நம்பி இருப்பது, மண்ணெண்ணெயில் கெதியாகத் தேயும். எது எவ்வளவு தாங்கும் என்று தொழிற்சாலைப் புத்தகம் சொல்லித் தரவில்லை. தடை சொல்லித் தந்தது.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்கு உணவும் எரிபொருளும் கப்பலில் போகவேண்டி வந்தது. அந்தக் கப்பல்கள் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டன. அந்த நாட்களில் இடைக்கிடை நிக்கிற எஞ்சின் வெறும் செலவுப் பிரச்சினை இல்லை. சோதனைச் சாவடிக்கு முன்னால், ஊரடங்கு தொடங்க அரை மணித்தியாலம் இருக்கும்போது லொறி நிண்டால் அதை யாருக்கு, எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? நிண்ட இடத்திலேயே, இருட்டுக்கு முதல், கையில் இருக்கிற சாமானோடு காரணத்தைக் கண்டுபிடிக்கிற வேகம் உயிரோடு சம்பந்தப்பட்டதாக மாறியது.

99 தாங்கிகளும் ஒரு கானும்

இன்னொரு முரண்பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. குச்சவெளிக்குத் தெற்கே, சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டின 99 எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிக்கின்றன. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10 இலட்சம் தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அங்கே ஒரு தாங்கி எரிந்தது. 1987 யூலையில் ஜே.ஆர். ஜெயவர்தனவும் ராஜீவ் காந்தியும் பரிமாறின கடிதங்களிலும் இந்தத் தாங்கிகள் வந்தன. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளை உள்ளே வந்தது. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி 14 தாங்கிகள் அந்த நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று பிரித்தார்கள்.

அதே 2022இல்தான் நாங்கள் வரிசையில் நிண்டோம். யூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய். யூலையில் கியூஆர் அட்டை வந்தபோது லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது, கடலுக்குப் போற படகுகள் கரையில் கிடந்தன. நாடு முழுக்கக் கானிலும் போத்தலிலும் எரிபொருளைச் சேர்த்து வைத்தார்கள். அந்தக் கான்களோடு தண்ணியும் தூசியும் தாங்கிகளுக்குள் போயின. பில்டரும் நொசிலும் கேட்காமல் இருக்குமா? உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில், 99 தாங்கிகளின் அயலில், ஒரு கான் டீசலை துணியால் வடிகட்டி ஊத்துகிற மனிதர். எங்கட அரசியல் வரலாற்றைப் படிக்க இந்த ஒரு படம் போதும்.

கம்பியூட்டர் வந்த பிறகு

1990களின் கடைசியிலிருந்து புதுவகை டீசல் எஞ்சின்கள் வந்தன. ஒரே ஒரு பொதுக் குழாயில் மிகப் பலத்த அழுத்தத்தில் டீசலைத் தேக்கி வைத்து, கம்பியூட்டர் சொல்லும் கணத்தில் நொசில் திறக்கும். இங்கே பழைய பழக்கம் ஒன்று ஆளைக் கொல்லும். பழைய லொறியில் எஞ்சின் ஓடும்போதே நொசில் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். புது எஞ்சினில் அப்படிச் செய்தால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், கையையே இழக்க நேரிடலாம். கராஜில் வேலை பழகுகிற தம்பிமார் இதைக் கட்டாயம் தெரிந்திருக்கவேணும்.

மற்றது, ஸ்கானர். பூட்டினால் "குழாய் அழுத்தம் குறைவு" என்று ஒரு குறியீடு வரும். அதைப் பார்த்தவுடன் "பம்ப் மாத்தவேணும்" என்று சில இடங்களில் இலட்சக் கணக்கில் விலை சொல்லுகிறார்கள். ஆனா அழுத்தம் ஏன் குறைந்தது என்று ஸ்கானர் சொல்லாது. மூச்சுத் துவாரம் அடைபட்டாலும், பில்டர் அடைபட்டாலும், வொசர் காத்து இழுத்தாலும் அதே குறியீடுதான் வரும். ஆகவே பழைய கேள்வி செத்துப் போகவில்லை. எப்ப நிக்குது? தாங்கிப் பக்கமா, பம்ப் பக்கமா? கருவி மாறியிருக்கு, தர்க்கம் மாறவில்லை.

2020 மார்ச்சில் நிப்பாட்டின வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசம் நாட்டைச் சுமந்தது பழைய லொறிகளும், அவற்றை ஓடவைத்த பழைய பாஸ்மாரும். அவர்களில் பலருக்கு இப்ப கண் மங்குது. அவர்களிடம் படிக்கவேண்டிய பொடியன்மார் கட்டாருக்கும் கொரியாவுக்கும் போய்விட்டார்கள். போனவர்களில் குற்றம் காண நாங்கள் வரவில்லை. இங்கே கராஜ் வேலைக்கு என்ன மரியாதை, என்ன சம்பளம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு பாஸ் சாகும்போது எழுதாத ஒரு நூலகமும் கூடவே போகுது.

அதனால் வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கட ஊரில் ஒரு பழைய கராஜ் இருக்கும். போய் இருங்கள், தேத்தண்ணி குடியுங்கள், ஆளின் சம்மதத்தோடு போனில் பதிவு செய்யுங்கள். எந்த வருசம் எந்த லொறி வந்தது, தடைக்காலத்தில் எதை எதோடு கலந்தார்கள், எந்தச் சத்தம் எந்த நோய், அந்த நோய்க்கு அவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் என்ன என்று கேளுங்கள். குச்சவெளிப் பாறைக் கல்வெட்டை வெட்டினவர் தன் காலத்துக்கு முக்கியம் என்று நினைத்ததை எழுதி வைத்தார். எங்கட காலத்துக்கு எது முக்கியம் என்று நாங்கள்தான் எழுதவேணும்.